கால் புண்ணுக்கு எலியிலும் பன்றியிலும் பார்த்த சிகிச்சையை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். காயம் ஆற வாக்யூம் கட்டு (காயத்தை மூடி, மெஷினால் உறிஞ்சும் கட்டு) போடலாம் என்கிறார் டாக்டர். இதெல்லாம் எலியிலும் பன்றியிலும் சோதித்ததுதானே, மனிதருக்குப் பொருந்துமா?

பதில்:

பெங்களூரு பொம்மசந்திரா பக்கம் ஒரு ஆய்வு நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் அம்மாவின் காலைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை, எலியைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் எலிகளுக்குத் தானாகக் கால் புண் வருவதில்லை. மனிதருக்குப் பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி போய்விடுகிறது, ரத்தக் குழாய் சுருங்குகிறது, செருப்பு கடித்தது கூடத் தெரியாமல் அதே இடத்தை ஊன்றி நடந்து நடந்து புண்ணாகிறது. எலிக்கு அவ்வளவு காலம் ஏது? ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி போடுகிறோம், அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். மூன்றாம் நாள் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வீட்டில் வைத்திருப்போமே அதே மாதிரி குளுக்கோமீட்டரில் பார்ப்போம். கூண்டு சுத்தம் செய்யும் தர்மபுரித் தம்பிக்கு அதுவும் வேண்டாம். "அண்ணே, இதுக்கு சுகர் ஏறிடுச்சு, தண்ணி பாட்டில் காலி, கீழ எல்லாம் நனைஞ்சு கிடக்கு" என்று முன்னாடியே சொல்லிவிடுவான்.

அப்புறம் மயக்கம் கொடுத்து, முடியை மழித்து, வட்டமாகத் தோலை வெட்டி எடுத்தால் புண் தயார். பெரும்பாலும் முதுகில்தான். சில வாரச் சர்க்கரை, முதுகில் ஒரு புண், அதற்குப் பெயர் கால் புண் ஆய்வு!

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. எலித் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று இருக்கிறது. காயம் பட்டால் அது தோலை இழுத்து மூடிவிடும். நம் பாதத்தில் அப்படி நடக்காது. அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் மெல்ல ஏறி வந்துதான் மூட வேண்டும். அதனால் தோல் இழுபடாமல் இருக்க, புண்ணைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தை ஒட்டி, நைலான் நூலால் தைத்துவிடுகிறோம். ஒரே கூண்டில் விட்டால் ஒன்றின் வளையத்தை இன்னொன்று கடித்துப் பிடுங்கிவிடும், ஆகவே தனித்தனிக் கூண்டு. 'எலியில் புண் சீக்கிரம் ஆறியது' என்று எங்கே படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த வளையத்தைத்தான். அது இல்லையென்றால், ஆற்றியது மருந்தா தசையா என்று எப்படிச் சொல்வது?

அறுவை சிகிச்சை என்று வந்தால் பாடு இன்னும் கூடுதல். ரத்த ஓட்டக் குறைவைக் காட்ட எலியின் தொடைத் தமனியைக் கட்டிவிடுவார்கள். இளம் எலி என்பதால் பக்கவாட்டில் வேறு குழாய்கள் சீக்கிரமே ஈடுகட்டிவிடும். அறுபது வயதுக்காரரின் சுண்ணாம்பு படிந்த குழாய்க்கும் அதற்கும் ரொம்ப தூரம். சீனாவில் ஒரு முறை இருக்கிறது: முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு சில்லை அறுத்து, வெளியே சட்டம் மாட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள், பாதத்துக்குப் புது ரத்தக் குழாய்கள் வரட்டும் என்று. அதை எலியின் குச்சி எலும்பிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

ஊன்றி நடக்கும் அழுத்தத்துக்கு மட்டும் நாலுகால் பிராணியிடம் சரியான விடை கிடைக்காது. அதை மனிதரிடம்தான் பார்க்க வேண்டும். முன்பாதப் புண்ணுக்கு, அங்கே அழுத்தம் குறைய, குதிகால் தசைநாணை நீளமாக்கும் அறுவை சிகிச்சையை 2003இல் 64 பேரிடம் ஒப்பிட்டார்கள். மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களில் 81 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் புண் திரும்ப வந்தது. அறுவை சிகிச்சையும் சேர்த்துச் செய்தவர்களில் 38 சதவீதம்தான்.

சரி, உங்கள் வாக்யூம் கட்டுக்கு வருகிறேன். அதைப் பன்றியில் சோதித்தது உண்மைதான். பன்றித் தோல் நம் தோலைப் போலவே கெட்டியானது, எலித் தோல் மாதிரி இழுத்து மூடாது. 1997இல் வெளியான ஆய்வில் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சும்போது ரத்த ஓட்டம் நன்றாகக் கூடியதைப் பன்றியில் கண்டார்கள். இன்றைக்கும் பெரும்பாலும் அந்த அளவில்தான் மெஷினை வைக்கிறார்கள். ஆனால் கதை பன்றியோடு நிற்கவில்லை. 2005இல், உங்கள் அம்மாவைப் போலவே பாதத்தில் ஒரு பகுதியை எடுத்த 162 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தார்கள். 16 வாரத்தில் வாக்யூம் கட்டுப் போட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கும், வழக்கமான ஈரக் கட்டுப் போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும் காயம் ஆறியது. பெரிய மாயமில்லை, ஆனால் வித்தியாசம் உண்டு.

ஒரு விஷயம்: அந்தச் சோதனையில் பாதத்துக்குப் போதுமான ரத்த ஓட்டம் உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஆகவே டாக்டரிடம் பன்றியைப் பற்றிக் கேட்க வேண்டாம். அம்மாவின் காலுக்கு டாப்ளர் (ரத்த ஓட்டப் பரிசோதனை) பார்த்தாயிற்றா, அழுகிய சதை முழுக்க எடுத்தாயிற்றா, எலும்பில் தொற்று இருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் வாக்யூம் கட்டு போடக் கூடாது.