கணவன் மனைவி சந்தேகத்தை வைத்து எடுத்த பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்'. இயக்கம் லியோ மெக்கேரி, ஜோடி கேரி கிராண்டும் ஐரீன் டன்னும், ஒன்றரை மணி நேரம்தான்.

புளோரிடா போகிறேன் என்று மனைவி லூசியிடம் சொல்லிவிட்டுப் போன ஜெர்ரி, அங்கே போகவே இல்லை. திரும்பி வரும் முன் கிளப்பில் விளக்கின் கீழ் படுத்து, கடற்கரை வெயிலில் கறுத்தவன் மாதிரி உடம்பை ஆக்கிக்கொண்டு, ஒரு கூடை ஆரஞ்சோடு வீட்டுக்கு வருகிறான். வந்தால் மனைவி இல்லை. அவள் பாட்டு வாத்தியாரோடு காலையில்தான் வருகிறாள், கேட்டால் வழியில் கார் ரிப்பேர் என்கிறாள். இவன் குதிக்கிறான். ஆனால் அவன் கொண்டுவந்த பழத்திலோ 'கலிஃபோர்னியா' என்று முத்திரை! சண்டை முற்றி விவாகரத்து, நாய் யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு வேறு.

எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணம், அவன் அந்த நாட்களில் எங்கே இருந்தான் என்று கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். வேறொரு இயக்குநராக இருந்தால் ஒரு பிளாஷ்பேக் வைத்து எல்லாவற்றையும் விளக்கியிருப்பார். இங்கே அதற்குப் பதிலாக ஒரு காட்சி: பிரிந்த பிறகும் பொறாமை அடங்காத ஜெர்ரி, அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று வாத்தியார் வீட்டுக்குள் முட்டி மோதி நுழைகிறான், உள்ளே பார்த்தால் அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க லூசி பியானோ பக்கத்தில் நின்று நிஜமாகவே கச்சேரி செய்துகொண்டிருக்கிறாள். அசடு வழியப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காருகிறான், அதைச் சாய்த்து ஆடியதில் தடாலென்று விழுகிறான். அவள் பாட்டை நிறுத்தவில்லை, ஆனால் கடைசி வரியில் சிரிப்பை அடக்க முடியாமல் அதையும் சுருதி பிசகாமல் பாட்டுக்குள்ளேயே கலந்துவிடுகிறாள். (டன் முறையாகப் பாட்டுப் படித்தவர்.) இன்னும் அவன் மேல் ஆசை இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிடும்.

விவாகரத்துத் தீர்ப்பு 90 நாள் கழித்து நள்ளிரவில்தான் அமலுக்கு வரும், அதனால் கடைசிக் காட்சி முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகரும். இருவரும் பக்கத்துப் பக்கத்து அறையில், நடுவே சரியாகச் சாத்தாத ஒரு கதவு. தணிக்கை விதிகள் கெடுபிடியாக இருந்த காலம், அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் கதவும் கடிகாரப் பொம்மைகளும்தான் சொல்கின்றன. எப்படி என்று நான் சொன்னால் கெட்டுவிடும்.

மெக்கேரி கையில் முழு ஸ்கிரிப்ட் இல்லாமல் படப்பிடிப்புத் தளத்தில் வசனம் சொல்லிக்கொடுத்து எடுத்ததில் மிரண்டுபோன கிராண்ட், படத்திலிருந்தே விலகப் பார்த்தாராம். மெக்கேரிக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது. வாங்கும்போது அவர், தப்பான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். அவர் மனதில் இருந்தது அதே ஆண்டில் எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ'. வயதான தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் பிரித்து வைக்கும் கதை. அதையும் பாருங்கள், ஆனால் அதே ராத்திரி வேண்டாம்.