மோட்டார்ஹோம் ஓட்டுறப்போ பாட்டு, கதை, பாட்காஸ்ட்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, எங்க மோட்டார்ஹோம்ல, அதான் கட்டில், சமையல் மேடை எல்லாம் உள்ளேயே இருக்குற வண்டில, ஒரே கடகட சத்தம், பாட்டே கேக்கல. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஓட்டலாமா?

பதில்: வேணவே வேணாம் தம்பி. அந்த ஹெட்போன் முதல்ல அமுக்குறதே எஞ்சின் இரைச்சலைத்தான், ஆனா வண்டில கோளாறு ஆரம்பிக்கிறது பாதி நேரம் அந்த இரைச்சல் மாறுறதுலதான் தெரியும், டயர் தடதடன்னு அடிக்கிறது, பின்னாடி கப்போர்ட் கதவு திறந்துக்கிட்டு ஆடுறது, ஆம்புலன்ஸ் சைரன் எல்லாமே காதாலதான் முதல்ல வரும். சட்டமும் ஊருக்கு ஊரு வேற. பிரான்ஸ்ல 2015 ஜூலைல இருந்து ஓட்டுறவங்க காதுல இயர்போன் இருக்கவே கூடாது, பிடிச்சா 135 யூரோ அபராதம், லைசென்ஸ்ல 3 பாயிண்டும் போயிடும். கலிபோர்னியால ரெண்டு காதையும் அடைக்கக்கூடாது. நீங்க முதல்ல கப்போர்ட்ல இருக்குற சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவுல துண்டு வச்சு கடகடப்பை அடக்குங்க, அப்புறம் ரேடியோல ஃபேடரை (சத்தத்தை முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் பிரிக்கிற செட்டிங்) முன்பக்கம் தள்ளுங்க, பின்னாடி ஸ்பீக்கர் அலறாம உங்களுக்கு மட்டும் தெளிவா கேக்கும்.

கேள்வி: அப்போ ஒரு காதுல மட்டும்?

பதில்: கலிபோர்னியால ஓகே, பிரான்ஸ்ல அதுவும் கூடாது. எல்லை தாண்டி ஓட்டுறவங்களுக்கு ஸ்பீக்கர்தான் நிம்மதி.

கேள்வி: மலைப்பக்கம் சிக்னல் போயிடுது, பாட்டு பாதில நிக்குது, போனை எடுத்து நோண்ட வேண்டியதா இருக்கு.

பதில்: நோண்டுற கதையே வேணாம்! 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறீங்க, ரெண்டு செகண்ட் குனிஞ்சா 44 மீட்டர் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டின மாதிரி, அதுவும் இவ்ளோ கனமான வண்டி சட்டுனு நிக்காது. முந்தின நாளே வைஃபைல டவுன்லோட் பண்ணி, ஹாண்ட்பிரேக் எடுக்கறதுக்கு முன்னாடியே வரிசையா போட்டு விடுங்க. நான் நீளமான ஆடியோபுக் கட்சி, ஒரு தடவை போட்டா மணிக்கணக்கா கை வைக்க வேணாம். பாட்டு மாத்துற வேலை பக்கத்து சீட்டுக்காரருக்கு (அவர் ரசனையை சகிச்சுக்கணும், அதான் கஷ்டம்).

கேள்வி: பழைய ரேடியோக்கா, ப்ளூடூத் கிடையாது. போன் பாட்டை எஃப்எம் ஸ்டேஷன் மாதிரி ரேடியோவுக்கு அனுப்புற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கவா?

பதில்: வேலை செய்யும், ஆனா ஊரு மாற மாற வேற ஸ்டேஷன் வந்து மோதும், திரும்ப திரும்ப அலைவரிசை மாத்தணும். ரேடியோல ஆக்ஸ் ஓட்டை (போன்ல இருந்து வர்ற ஆடியோ கேபிளைச் சொருகுற இடம்) இருந்தா கேபிள் போதும்.

கேள்வி: பசங்க பின்னாடி படம் பாக்கலாமா?

பதில்: பெல்ட் போட்டு உக்காந்து, ஹெட்போன்ல கேட்டா தாராளமா. ஸ்கிரீன் உங்க கண்ணுல படக்கூடாது, ராத்திரில முன் கண்ணாடில பிரதிபலிக்குதான்னும் பாருங்க. டேப்லெட்டை ஹோல்டர்ல மாட்டுங்க, பிரேக் அடிச்சா பறந்து வரும்.

கேள்வி: எனக்கு தூக்கம் வந்தா சத்தமா பாட்டு வச்சுப்பேன்...

பதில்: பாட்டுல தூக்கம் போகாதுங்க, போன மாதிரி இருக்கும், அவ்ளோதான். ஓரமா பத்திரமான இடத்துல நிறுத்தி 20 நிமிஷம் தூங்குங்க, கட்டிலை பின்னாடியே கட்டி இழுத்துட்டுத்தானே போறோம்!