அரக்கோணத்தில் கடலே இல்லையே, அங்கே எதற்குக் கடற்படை விமானத் தளம்?

இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் எங்கள் ஏழாம் வகுப்பு சோஷியல் மாஸ்டர், அதுவும் தெலுங்கில். எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். 1960-இல் எல்லை மாறித் திருத்தணி தமிழ்நாட்டோடு போனபோது, ஆந்திரப் பக்கமே நின்றுபோன தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, விசைத்தறிக் கொட்டகையில் இரண்டும். கடற்படை என்றால் விசாகப்பட்டினம் என்று மாஸ்டர் போர்டில் எழுதினார். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து, எங்கள் அத்தை ஊர் அரக்கோணத்திலும் நேவி இருக்கிறது சார் என்றேன். "அக்கட சமுத்திரம் எக்கட உந்திரா?" (அங்கே கடல் எங்கேடா இருக்கு?) என்றார். வகுப்பே சிரித்தது.

அந்த வார விடுமுறையில் ரயிலேறி அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா மின்சார ரயில் இன்ஜின் ஷெட்டில் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும், "ஏன்டா, இன்ஜின் ஓடறது தில்லி வரிக்கும். ஷெட்டு எங்க கீது? நம்ம ஊர்ல. ஓடற எடத்துலயேவா நிறுத்தி வெப்பாங்க?" என்றார். இன்றைக்கும் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மீதி எல்லாம் விளக்கம்தான்.

கப்பலுக்குத்தான் தண்ணீர் வேண்டும். கடற்படை விமானத்துக்கு வேண்டியது ஓடுபாதை. அரக்கோணத்திலிருந்து வங்கக் கடல் நேர்கோட்டில் 65 கிலோமீட்டர் சுமார். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு அது ஐந்து நிமிடம். போகப்போவதோ அந்தமானையும் தாண்டி, மலாக்கா நீரிணையின் வாய் வரை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறவனுக்கு முதல் 65 ஒரு கணக்கே இல்லை. பதிலுக்குக் கிடைப்பது உப்புக்காற்று அடிக்காத இடம் (விமானத்தின் உலோகத்துக்கு உப்பு எமன்), சமதளமான நிலம், பக்கத்திலேயே பெரிய ரயில் சந்திப்பு. இங்குள்ள ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மீனம்பாக்கத்தில் இருக்கும் பெரிய ஓடுபாதையே 3.6 கிலோமீட்டர்தான்.

இங்கே விமானம் இறங்குவது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திரிகோணமலை, இந்தப் பக்கம் விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு போட்டன. சென்னைப் பட்டணமே காலியானது. கரையோரத்தில் எதையும் நம்பி வைக்க முடியாத அந்தக் காலத்தில் போட்ட களம் இது. சண்டை முடிந்தபின் பல ஆண்டுகள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதைக் கடற்படை எடுத்துப் பெரிதாக்கி, 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையால் திறந்தது. பெயர் ஐஎன்எஸ் ராஜாளி. ராஜாளி நம் பறவைதான், வல்லூறு வகை. ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருக்கும் தளத்துக்குப் பருந்து என்று பெயர். ஐஎன்எஸ் என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல். தரையில் இருப்பதற்கு எதற்கு அந்தப் பெயர் என்று கேட்பீர்கள். கடற்படை தன் கரைத் தளங்களையும் கப்பலாகவே பெயரிட்டுப் பதியும். அது பழைய வழக்கம். ஆகவே கணக்குப்படி அரக்கோணத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. இது மட்டும் அன்றைக்கு வகுப்பில் தெரிந்திருந்தால்!

அதில் குடிவந்தவைதான் டூ-142 விமானங்கள். மொத்தம் எட்டு. 1988-இல் சோவியத் நாட்டிலிருந்து கோவாவுக்கு வந்து, இந்தத் தளம் திறந்ததும் இங்கே மாறியவை. நீளம் 53 மீட்டர். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். ஒவ்வோர் இன்ஜினிலும் ஒரே அச்சில் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். விசிறியின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டும் என்பதால் அது போடும் சத்தம் ஊரறிந்தது. நான் பிறந்து வளர்ந்ததே தறிச் சத்தத்தில். இருபது தறி ஒன்றாக ஓடும் கொட்டகையில் தூங்குகிறவன். நானே முதல் முறை காதைப் பொத்திக்கொண்டேன்.

அத்தைக்கு அதன் பெயர் 'பெருசு'. சமையலறைப் பலகையில் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார். விமானம் கண்ணுக்குத் தெரியும் முன்பே டம்ளர்கள் கிணுகிணுக்க ஆரம்பிக்கும். அத்தை அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை நீட்டி அடுக்கின் தலையில் வைத்துக்கொள்வார். "பெருசு போவுது." சத்தம் தேய்ந்ததும் கையை எடுத்துவிட்டுக் குழம்பைக் கிளறுவார். விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்.

பெருசின் வேலை, கடலுக்கு அடியில் ஒளிந்து போகும் நீர்மூழ்கியைத் தேடுவது. அதன் வாரிசான பி-8ஐ 2013 மே 15 அன்று முதன்முதலாக இங்கே வந்திறங்கியது. இது போயிங் 737 உடம்பு. ரேணிகுண்டாவில் இறங்கும் பயணிகள் விமானத்துக்கும் இதற்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. வயிற்றிலிருந்து சோனோபாய் என்னும் மிதவைகளைக் கடலில் போடும். அவை தண்ணீருக்குள் கேட்கும் ஓசையை ரேடியோவில் மேலே அனுப்பும். நான்கைந்து மிதவைகளில் எதில் எப்போது கேட்கிறது என்பதை வைத்து நீர்மூழ்கி இருக்கும் இடத்தைக் கணக்குப் போடுவார்கள். போதாததற்கு வாலில் ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அத்தனை பெரிய இரும்பு அடியில் கிடந்தால் பூமியின் காந்தப்புலம் அங்கே லேசாகப் பிசகும், அதைப் பிடிக்கிற கருவி அது. அமெரிக்கர்கள் தங்கள் பி-8இல் இதை வைத்துக்கொள்ளவில்லை, நாம் கேட்டு வாங்கினோம். 2014-இல் காணாமல் போன மலேசிய விமானத்தைத் தேடவும், 2017 ஒக்கிப் புயலில் மீனவர்களைத் தேடவும் இவையும் போயின.

ஹெலிகாப்டர் விமானிகளைத் தயார் செய்யும் கடற்படைப் பள்ளியும் இங்கேதான். அரக்கோணத்து மொட்டை மாடிகளில் வடாம் காயப்போடுகிறவர்களுக்கு அந்தப் பள்ளியின் சேத்தக் ஹெலிகாப்டர் நல்ல பழக்கம். 2020 கடைசியில் அமெரிக்காவிலிருந்து குத்தகைக்கு எடுத்த இரண்டு ஆளில்லா விமானங்களும் இங்கே வந்தன. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகி வங்கக் கடலில் இறங்கிப்போனது.

ஊர்க்காரர்கள் தளத்தை நெருங்கிப் பார்த்தது 2015 டிசம்பரில். வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடிக்கிடந்த அந்த நாட்களில் சென்னைப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விமானம் ஏற்றினார்கள். முழங்கால் வரை சேறு காய்ந்த பேண்டோடு, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு டீக்கடையில் நின்றவர்களை அத்தை மகன் போட்டோ எடுத்து அனுப்பினான். நான்கு கிலோமீட்டர் ஓடுபாதையின் அருமை சென்னைக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

2017 மார்ச் 29 அன்று டூ-142-க்கு ஓய்வு கொடுத்தார்கள். 29 ஆண்டு, 30,000 மணி நேரப் பறப்பு, ஒரு விபத்து கிடையாது. அத்தைக்குச் செய்தி தெரியாது. "இப்பல்லாம் டம்ளரு ஆடறதே இல்லியே" என்று மட்டும் ஒருநாள் போனில் சொன்னார்.

அந்த டூ-142களில் ஒன்று இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. எங்கே தெரியுமா? விசாகப்பட்டினத்தில், பீச் ரோட்டில். எதிரே மணலில் குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கி, அதற்கும் பின்னால் கடல். இரண்டு வருஷத்துக்கு முன்பு சிம்மாசலம் போன கையோடு அத்தையை அங்கே கூட்டிப்போனேன். அண்ணாந்து பார்த்தபடி மூக்கிலிருந்து வால் வரை நடந்தார். இன்ஜினுக்கு நேர்கீழே வந்ததும் நின்று, "இதா அந்தப் பெருசு? வாயத் தொறக்காம நிக்குது பாரு" என்றார். பிறகு கடல் பக்கம் திரும்பி, மாமாவுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.