ஒரே கட்டுரை, மூன்று கணக்கு

கேள்வி: கல்லூரியில் ஐ.க்யூ.ஏ.சி. (உள் தர உறுதிப் பிரிவு) பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வெளியான ஆய்வுக்கட்டுரைகள் எத்தனை என்று கேட்டால் துறைகள் ஒரு எண் தருகின்றன, அலுவலகம் வேறொன்று தருகிறது. தகவலைச் சரியாக வைத்தால் மட்டும் தரம் கூடிவிடுமா?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: கூடாது. ஆனால் கணக்கு குழம்பிக் கிடக்கும் கல்லூரிக்குத் தரம் எங்கே சரிகிறது என்பதே தெரியாது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான நாக் 2017-இல் கொண்டுவந்த முறையிலேயே, ஆய்வுக் குழு வளாகத்துக்கு வருமுன்பே கல்லூரி தந்த எண்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். சான்றில்லாத எண் அங்கேயே வெட்டுப்பட்டது.

கட்டுரைக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வேதியியலிலிருந்து இருவர், இயற்பியலிலிருந்து ஒருவர் சேர்ந்து எழுதிய கட்டுரையை மூவரும் தத்தம் பட்டியலில் போடுவார்கள், கூட்டினால் மூன்று. ஆள்வாரியாகக் கேட்காதீர்கள். கட்டுரைக்கு ஒரு வரி, அதற்கு அடையாளம் டி.ஓ.ஐ. எண், அதாவது இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் தனி எண். எழுதியவர்களைத் தனித் தாளில், பணியாளர் எண்ணோடு குறியுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இது மிக அவசியம்: ஆர். கார்த்திகேயன் ஓர் இதழிலும் கார்த்திகேயன் ராமசாமி இன்னொன்றிலும் வந்தால் ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டிப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளம் அவரை இருவராகப் பிரித்துவிடக்கூடும். எல்லோரையும் ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) எடுக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். கல்லூரிப் பெயரையும் எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்பதை எழுதி வையுங்கள். கல்வியாண்டா, காலண்டர் ஆண்டா, நிதியாண்டா? நவம்பரில் விலகிய ஆசிரியர் கணக்கில் உண்டா? இது சின்ன விஷயமில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று யு.எஸ். நியூஸ் வெளியிடும் பல்கலைக்கழகத் தரவரிசைக்குக் கொடுத்திருந்தது. அங்கேயே பணியாற்றும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022-இல் அதைக் கேள்வி கேட்டார். மறுபடி எண்ணியபோது 57.2 தான். அந்த ஆண்டே பல்கலைக்கழகம் அந்தத் தரவரிசையில் 2-ஆம் இடத்திலிருந்து 18-க்கு இறங்கியது.

சான்றை அன்றன்றே கணினியில் ஏற்றிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்துத் தேடினால் கருத்தரங்க வருகைப்பதிவு கிடைக்காது, அப்போது பின்தேதியிட்டு 'தயாரிக்கும்' ஆசை வரும். அதுதான் ஆபத்து.

தரம் கூடுவது, அதே தகவலை நீங்களே பயன்படுத்தும்போது. முதல் செமஸ்டரில் எந்தத் தாளில் அரியர் குவிகிறது என்று உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணே காட்டிவிடும். முதல் உள்தேர்வு முடிந்த வாரத்திலேயே தாள்வாரியாக அதைத் துறைத் தலைவர் மேசையில் வைத்தால் தனிவகுப்பு எடுக்க நேரம் இருக்கும். ரிசல்ட் வந்தபின் அதே பட்டியல் ஆண்டறிக்கைக்கு மட்டுமே உதவும்.