ஆல்புமின் குறைந்தால் முட்டை போதுமா?

வாசகர் கேள்வி – பதில்: ரத்தத்தில் உள்ள புரதங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. ரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் 6.1, ஆல்புமின் 2.8, குளோபுலின் 3.3 என்று வந்திருக்கிறது. காலில் வீக்கமும் உண்டு. தினமும் ஆறு முட்டையின் வெள்ளைக்கருவும் புரோட்டீன் பவுடரும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முட்டை கொடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ஆல்புமின் என்ற சொல் முட்டையின் வெள்ளைக்கருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் வெள்ளைக்கரு சாப்பிட்டால் அது நேரே ரத்தத்தில் ஏறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முட்டையில் இருப்பது வேறு புரதம். குடலில் அது அமினோ அமிலங்களாக உடைந்த பிறகுதான் உடம்பில் சேரும். ரத்தத்தில் ஓடும் ஆல்புமினைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் வரை. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம், ஏறக்குறைய 20 நாள். ஆகவே நாலு நாள் சரியாகச் சாப்பிடாததால் இந்த அளவு இறங்காது. ஒரு வாரம் முட்டை சாப்பிட்டதால் ஏறவும் ஏறாது.

பெரியவர்களுக்கு ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது எங்கே போனது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிறுநீரிலிருந்து தொடங்குங்கள். செலவு குறைவு, பதிலும் அன்றே கிடைக்கும். ஒரு தடவை பிடித்த சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். 0.2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் சிறுநீரக வடிகட்டி ஓட்டை விழுந்ததுபோல ஆல்புமினை வெளியே விடுகிறது என்று பொருள். பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். இந்த நிலையில் புரோட்டீன் பவுடரை அள்ளிக் கொடுத்தால் சிறுநீரகத்தின் சுமைதான் கூடும்.

சிறுநீரில் ஒழுகல் இல்லையென்றால் கல்லீரல். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண்), பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன் மூன்றும் வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே செய்கிறது. அவற்றில் ஏழாவது காரணியின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். அதனால் கல்லீரல் திடீரெனத் தளரும்போது ஐஎன்ஆர் முதலில் மாறும், ஆல்புமின் பிறகுதான் இறங்கும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) என்று தெரிந்தால் புரதத்தைக் குறைக்கக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தேவை. படுக்கப் போகும் முன்பும் சிறிது சாப்பிட வேண்டும். ‘கல்லீரல் நோயாளிக்குப் பருப்பே ஆகாது’ என்ற பழைய பத்தியம் எத்தனையோ பேரைத் தசை வற்ற வைத்திருக்கிறது.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அழற்சி. நுரையீரல் தொற்று, ஆறாத கால் புண், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் ஆல்புமின் இறங்கும். கல்லீரல் அப்போது சிஆர்பி, ஃபைப்ரினோஜன் போன்ற அழற்சிக்கால புரதங்களை அதிகமாகச் செய்கிறது. ஆல்புமின் ரத்தக் குழாய்ச் சுவர் வழியாகவும் கசிகிறது. ஆகவே சிஆர்பியையும் சேர்த்துப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால், புண்ணோ தொற்றோ ஆறாமல் ஆல்புமின் ஏறாது.

கால் வீக்கம் பற்றி ஒன்று. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டை விரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் நின்றால் அது நீர் வீக்கம். ஆனால் ஆல்புமின் குறைவு மட்டுமே வீக்கம் தருவது பெரும்பாலும் 2.5-க்குக் கீழே போகும்போதுதான். 2.8-க்கு இதயம், காலில் ரத்தக் குழாய் புடைத்திருத்தல் (வெரிகோஸ் வெயின்), ரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபின் மாத்திரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றார்கள். வீட்டிலேயே தினமும் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார்கள். எப்படிப் பார்ப்பது?
– வாசகி, விருதுநகர்

பதில்: நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்பது சிறுநீரக வடிகட்டி வழியாகப் புரதம் ஒழுகும் நோய். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடியுங்கள். புரதத்தை நிறத்தால் காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப்பை முக்கி உடனே எடுத்து, ஓரத்தைக் கிண்ண விளிம்பில் தட்டி, படுக்கை வாட்டில் பிடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம், வழக்கமாக 60 விநாடி, கழிந்ததும் பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற 1+, 2+. நீலம் கலந்த அடர் பச்சை என்றால் 3+ அல்லது 4+. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு 3+ என்று பயப்படுவதும், டப்பாவை மூடாமல் வைத்து ஈரம் பட்ட ஸ்ட்ரிப்பை நம்புவதும்தான் வீடுகளில் நடக்கும் இரண்டு தவறுகள்.

ஒரு நோட்டில் தேதி, அளவு, காலை எடை மூன்றையும் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லை அல்லது ‘ட்ரேஸ்’ (மிகச் சிறிதளவு) என்றால் நோய் அடங்கியது. தொடர்ந்து மூன்று நாள் 3+ அல்லது அதற்கு மேல் என்றால் திரும்பி வந்துவிட்டது. முகம் வீங்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சளி காய்ச்சலின்போது ஒரு நாள் 2+ வந்து போவதும் உண்டு.

இந்தக் குழந்தைகள் ஆல்புமினை மட்டும் இழப்பதில்லை. கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலினும், ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பினும் சேர்ந்தே போகின்றன. அதனால் வயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டை முதல் தடவையில் வழக்கமாக ஆறு வாரம் தினமும், பிறகு ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பார்கள். வீக்கம் வடிந்ததே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டில் வயதுக்கான புரதம் போதும். வீக்கம் உள்ளவரை உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம் வேண்டாம்.

கேள்வி: வயிற்றில் நீர் எடுக்கும்போதெல்லாம் ஆல்புமின் பாட்டில் ஏற்றுகிறார்கள். ‘சத்துக்கு’ இன்னும் இரண்டு ஏற்றினால் நல்லதுதானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. சிரோசிஸில் ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் கொடுக்க வேண்டும். 20 சதவீதப் பாட்டில் 100 மில்லியில் 20 கிராம் இருக்கும். 6 லிட்டர் எடுத்தால் லிட்டருக்கு 8 வீதம் 48 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டரைப் பாட்டில். இது ரத்த ஓட்டம் சரிந்து சிறுநீரகம் செயலிழக்காமல் இருப்பதற்காக. ரிப்போர்ட்டில் எண்ணை ஏற்றுவதற்காக அல்ல. வயிற்று நீரில் தொற்று வந்தாலும் இது உயிர் காக்கும் மருந்து. சத்துக்காக ஏற்றினால் பணம்தான் போகும்; அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மனித பிளாஸ்மாவிலிருந்து இதைப் பிரிக்கும் முறையை 1940களில் ஹார்வர்டில் எட்வின் கோன் குழு வகுத்தது, போர்க்களத்தில் ரத்தம் இழந்தவர்களுக்காக. யாரோ ஒருவர் தானமாகத் தந்த பிளாஸ்மா அது. தேவையுள்ளவருக்கே போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: வயது 58, தீராத முதுகு வலி. மொத்தப் புரதம் 9.4, ஆல்புமின் 3.2. புரதம் நிறைய இருப்பது நல்லதா?
– வாசகர், ஈரோடு

பதில்: நல்லதல்ல, தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். மொத்தத்தில் ஆல்புமினைக் கழித்தால் மீதிப் புரதங்களான குளோபுலின் 6.2, மிக அதிகம். ரத்தப் புரதங்களைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் சீரம் எலக்ட்ரோஃபோரசிஸ் செய்யுங்கள். காசநோய், கல்லீரல் நோய், மூட்டுவாதம் போன்றவற்றில் வரைபடத்தில் பரந்த மேடு தெரியும். ஊசிபோல ஒற்றைக் கூர் எழுந்தால் அது ‘எம் பேண்ட்’. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். கூடவே ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம், ஃப்ரீ லைட் செயின் (இந்த நோயில் பெருகும் புரதத் துண்டு) ஆகியவையும் வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை என்பதை நம்ப வேண்டாம். அது ஆல்புமினைத்தான் காட்டும், லைட் செயின் தப்பிவிடும். முடிவு தெரியும்வரை டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். இந்த நோயில் சிறுநீரகத்தை அவை சட்டென்று கெடுக்கும்.

கேள்வி: அம்மாவுக்குக் கால்சியம் 7.6, ஆல்புமின் 2.5. கால்சியம் மாத்திரை வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதத்தில், முக்கியமாக ஆல்புமினில், ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். இதைச் சரிக்கட்டும் கணக்கு இது: இயல்பான ஆல்புமினாக எடுத்துக்கொள்ளும் 4-இல் 2.5 போக 1.5, அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.2, 7.6-உடன் கூட்டினால் 8.8. இயல்பின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. விரல் மரத்தல், கை கால் இழுப்பு இருந்தால் கணக்கை விட்டுவிட்டு, புரதத்தில் ஒட்டாத அயனிக் கால்சியத்தை நேரடியாகப் பாருங்கள்.