மெஷ்ஷைப் பொடியாக்கினால் ஸ்ட்ரெஸ் ஏறுகிறதே?

கேள்வி: எம்.இ. கடைசி வருடம். பாலத்தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே வைக்கிற ரப்பர் பேரிங்தான் என் ப்ராஜெக்ட். ரப்பரும் இரும்புத் தகடும் ஒட்டுகிற ஓரத்தில், கம்ப்யூட்டர் மாடலின் மெஷ்ஷை (பொருளைக் கூறு போடும் சின்னத் துண்டுகளை) பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் (பரப்பு அலகுக்கு விழும் உள்விசை) ஏறிக்கொண்டே போகிறது. கைடு "இன்னும் பொடியாக்கு" என்கிறார். இந்த லட்சணத்தில் பிஎச்.டி. ஆசை வேறு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, குலசேகரம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ஓரத்தை முடிப்போம். கைடு சொன்னபடி செய்தால் எண் இன்னும் ஏறும், அவ்வளவுதான். இரண்டு வேறு பொருட்கள் ஒட்டி, கூர்மையான விளிம்பில் முடிகிற இடத்தில் கணக்கின்படியே ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லை கிடையாது. அது உங்கள் பிழையுமல்ல, சாஃப்ட்வேரின் பிழையுமல்ல. நிஜ பேரிங்கில் தகட்டின் விளிம்பை உருட்டி, மேலே ரப்பர் உறையும் போட்டிருப்பார்கள். அந்த வளைவை மாடலில் வரைந்துவிட்டுப் பொடியாக்கிப் பாருங்கள், எண் ஓரிடத்தில் நிற்கும். வரைய முடியாவிட்டால் ஓரத்து எண்ணைத் தீசிஸில் எழுதாதீர்கள். மொத்தம் எவ்வளவு அமுங்குகிறது என்பது மெஷ்ஷுக்கு மெஷ் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள், அதை எழுதுங்கள். விரிசல்தான் கேள்வி என்றால், விரிசலை வளர்க்கிற ஆற்றலைக் கணக்கிடும் ஜே-இன்டெக்ரல் பக்கம் போக வேண்டும்.

எனக்குப் பயம் வேறொன்றில். ரப்பர் வடிவம் மாறும், கன அளவு லேசில் மாறாது; பாய்சான் விகிதம் (அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பதன் அளவு) 0.5-ஐ ஒட்டியே நிற்கும். மெஷ்ஷின் துண்டுகளுக்குச் சாதாரண எலிமென்ட் வகையைப் போட்டால் அது 'லாக்' ஆகி, பொய்யாக விறைத்துவிடும். அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடும் ஹைப்ரிட் எலிமென்ட்தான் போட்டீர்களா? எதைப் போட்டாலும் படம் கலர் கலராக அழகாகத்தான் வரும்.

கையால் ஒரு கணக்குப் போட்டால் குட்டு வெளிப்படும். விட்டம் 200 மி.மீ., தடிமன் 10 மி.மீ. உள்ள வட்ட ரப்பர் அடுக்கு, மேலும் கீழும் தகட்டோடு ஒட்டியது என்று வையுங்கள். விட்டத்தைத் தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் 5. இதுதான் ஷேப் ஃபேக்டர். ஷியர் மாடுலஸ் (பக்கவாட்டில் சரிவதற்கு எதிரான விறைப்பு) 0.9 மெகாபாஸ்கல் என்றால், ஒட்டாத ரப்பரின் யங் மாடுலஸ் (அமுக்கத்துக்கு எதிரான விறைப்பு) அதன் மூன்று மடங்கு, 2.7. ஒட்டிய அடுக்குக்கு அதை (1 + 2 × 5 × 5), அதாவது 51-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 138! பக்கவாட்டில் பிதுங்க வழியில்லாததால் அதே ரப்பர் 51 மடங்கு விறைக்கிறது. கன அளவும் கொஞ்சம் சுருங்கும் என்பதைச் சேர்த்தால் 130-ஐ ஒட்டி வரும். சின்ன அமுக்கத்தில் உங்கள் மாடல் இதைவிட்டு 200, 300 என்று காட்டினால் லாக் ஆகிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, மாடலின் எண்ணையும் பக்கத்தில் எழுதி கைடிடம் காட்டுங்கள். வாய்ச்சண்டையை விட அது வேலை செய்யும்.

சரி, பிஎச்.டி. எண் ஏன் நிற்கவில்லை என்று உறுத்தியிருக்கிறது பாருங்கள், அந்த உறுத்தல் உள்ளவர்கள் போகலாம் என்பது என் அபிப்பிராயம். கம்பெனிக்குப் போனால் தொடக்கத்தில் அடுத்தவர் வரைந்த டிசைனுக்கு மெஷ் போடுவதே பெரும்பாலும் வேலையாக இருக்கும். அதுவும் கேவலமில்லை, கை பழகும். ஜே.ஆர்.எஃப். என்கிற அரசு ஆராய்ச்சி உதவித்தொகை 2023-இல் இருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அது போதுமா என்று அப்பாவிடம் நேராகக் கேளுங்கள். மழை பெய்தால் வெட்டு நிற்கிற வீட்டில் மாதச் சம்பளத்தின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிஎச்.டி.க்குப் போவதென்றால் கேட் (GATE) நுழைவுத்தேர்வு மதிப்பெண் முக்கியம். அதையும் பேங்க் பரீட்சையையும் ஒரே வருடத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், பாடம் ஒட்டாது. இந்தத் துறைக்காக வெகுதூரம்தான் போக வேண்டும் என்றுமில்லை. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஃபீஸ்ட் என்று சொந்தமாகவே ஒரு ஃபைனைட் எலிமென்ட் (மெஷ் போட்டுக் கணக்கிடுகிற) சாஃப்ட்வேர் வைத்திருக்கிறது, வலியமலையில் ஐ.ஐ.எஸ்.டி. என்கிற விண்வெளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கல்லூரிப் பெயரை விட கைடைப் பாருங்கள். அவருடைய மாணவர்களைத் தனியாகப் பிடித்து, எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், சொந்தமாக கோட் எழுதுகிறார்களா, ரெடிமேட் சாஃப்ட்வேரை ஓட்டுவதோடு சரியா என்று விசாரியுங்கள்.

அப்புறம், படிப்பு முடிந்ததும் காலேஜின் சாஃப்ட்வேர் லைசென்ஸ் போய்விடும். இதே வகை சாஃப்ட்வேரான கால்குலிக்ஸ் இலவசம். அபாகஸ் (Abaqus) என்கிற விலைக்கு வாங்கும் சாஃப்ட்வேரின் இன்புட் ஃபைல் நடையைத்தான் அதுவும் பெரும்பாலும் பின்பற்றுகிறது, பழக அதிக நாள் ஆகாது.