நெரிசலில் மட்டும் கார் என்ஜின் சூடாவது ஏன்?

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார், நெரிசலில் நின்றால் மட்டும் சூடேறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வேறுபாடே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடுகிறது. வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே, என்ஜினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போதோ அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. (என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருந்தால் நெடுஞ்சாலையிலும் சூடேறியிருக்கும், அதை முதலில் மாற்றிச் செலவழிக்க வேண்டாம்.)

என்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் விசிறி சுழலும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே (விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்), விசிறி மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். ஏசிக்குச் சுழன்று, சூட்டுக்கு மட்டும் சுழலாவிட்டால் வெப்பநிலை சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். விசிறி ஒழுங்காகச் சுழன்றும் சூடேறினால், ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள்: அழுத்தத்தினால் 100 டிகிரி செல்சியஸைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும் கூலண்ட், மூடி தளர்ந்த கணமே பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். வெளிக்கசிவே இல்லாமல் கூலண்ட் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகையும் தொடர்ந்து வந்தால், ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) பழுதாகியிருக்கக்கூடும். அப்போது வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.